ஆக்லாந்தில்தான் அதிகம் ஆடியது

மோட்டுலோவா தீவு, ஹாபாய், டோங்கா
மார்ச் 9

அன்புள்ள லூசியானே அக்காவுக்கு,

செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தபோது மணி மாலை ஐந்து ஐம்பத்தெட்டு. நிலம் ஆடி முடிந்து கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. செய்தி பூமிக்கு அடியிலிருந்து வரவில்லை, ஆக்லாந்தில் உங்கள் வீட்டிலிருந்து வந்தது.

ஆண்டவன் இந்த வாரத்தையும் காட்டினான். நானும் லூப்பேயும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இன்னும் இரவு வேலைதானா?

நடந்ததைச் சொல்கிறேன். நான் அபாயச் சங்குக் கம்பத்தின் அடியில் உட்கார்ந்து பேட்டரி முனைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தரை இரண்டு முறை தோளைக் குலுக்கியது. என் பக்கத்தில் இருந்த தேநீர்க் குவளை சாய்ந்தது. அவ்வளவுதான். 4.7, நல்ல ஆழத்தில். எங்கள் நிலநடுக்க அலுவலகத்தின் கணக்கில் அதற்கு 'லேசானது' என்று பெயர். கடல் மட்டக் கருவியைப் பார்த்தேன், கடல் அசையவே இல்லை. வழக்கம்போலப் பெண்கள் குச்சியால் தரையை அடித்துக் கத்தினார்கள். உங்கள் மருமகள் லூப்பே தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று, "ஏய், புரண்டு படுக்காத! மேல நாங்க இருக்கோம், தெரியல?" என்று பூமிக்குக் கீழே தூங்குவதாகப் பாட்டிகள் சொல்லும் பழைய சாமியை அதட்டினாள். அவளுக்கு ஐந்து வயது. தொண்டை ஐம்பது வயது.

எல்லோரும் வேலைக்குத் திரும்பியாயிற்று. அப்போதுதான் நீங்கள் ஊர்த்தலைவர் வாய்ப்பூலுவைப் போனில் பிடித்திருக்கிறீர்கள். "கடல் வருதாம், மேட்டுக்கு ஓடுங்க!" என்று அவர் கத்திக்கொண்டே போனார். அலை இல்லை, நான் கருவியைப் பார்த்துவிட்டேன் என்றேன். "கருவி சொல்லலாம்பா. லூசியானே சொல்லிட்டாளே" என்றார். பாய், சட்டி, வேகாத சேனை, இரண்டு பன்றி, போதகர் எல்லாம் மேட்டுக்குப் போனார்கள். என் மச்சான் மானாசே பாதி வழியில் நின்று, "நிலம் ஒண்ணும் சொல்லல, கடல் ஒண்ணும் சொல்லல, உங்கக்கா சொல்லிட்டாங்க. ஏறு மச்சான்" என்றான்.

இருட்டும்வரை மேட்டில் உட்கார்ந்திருந்தோம். சிரிப்பாகத்தான் இருந்தது. நவம்பரில் என் கலோவைப் பெரிய தீவு ஆஸ்பத்திரியிலிருந்து சவப்பெட்டியில் கொண்டுவந்த பிறகு ஊர் மொத்தமும் ஒரே இடத்தில் கூடியது அன்றுதான்.

யாருக்கும் காயமில்லை. குவளையும் உடையவில்லை. கவலைப்படாதீர்கள்.

உங்களுக்குக் கீழ்ப்பட்ட தம்பி,
லிசியாதே

---

ஆக்லாந்து
மார்ச் 20

என் தம்பி லிசியாதேக்கு,

கர்த்தர் உன்னையும் என் பிள்ளையையும் காப்பாத்தினதுக்கு ஸ்தோத்திரம். நாங்க நல்லா இருக்கோம். முழங்கால் கிடக்குது, அதுக்கென்ன, அது என்னோட வந்தது என்னோட போகும்.

நல்லா சிரிச்சீங்களா மேட்டுல? சிரிங்க. முதியோர் இல்லத்துல ஒரு கிழவருக்குச் சாயங்காலக் கஞ்சி ஊட்டிட்டு இருந்தேன். கூட வேலை பாக்குற பொண்ணு போன நீட்டினா, "டோங்காவுல நிலநடுக்கம், ஹாபாய் பக்கம்"னு. கரண்டி அவர் மூக்குல போயிடுச்சு. அங்க ஆடினதவிட இங்கதான்டா அதிகம் ஆடுச்சு. உனக்கு 4.7. எனக்கு எத்தனைன்னு எந்தக் கருவி சொல்லும்?

லேசானதாம். கலோவுக்கு வந்த மூச்சிரைப்பையும் லேசானதுன்னுதான் முதல்ல சொன்னாங்க. சின்ன வயசுக் காய்ச்சல் அவ இருதயத்துல விட்டுட்டுப் போனதை யாரும் பாக்கல. லேசானதுங்கிற வார்த்தைய எங்கிட்ட எழுதாத.

நேத்து போன்ல சொன்னதையே திரும்பச் சொல்றேன். லூப்பே எங்கிட்ட வரட்டும். நான் அவளுக்கு அத்தை. அவ பொறந்த அன்னைக்கு உன் வீட்டு வாசல்ல நின்னு பேர் வச்சது நான். தாயில்லாத பிள்ளை, நீ பாதி நாள் கம்பத்து மேல, அவ தொட்டி மேல. இங்க பள்ளிக்கூடம் நடந்து போற தூரம். சிவப்புக் கூரை. அறை தயார். போன்ல நீ "சரி அக்கா"ன்னு சொன்ன. கேட்டு அழுதுட்டேன்.

வக்கீலம்மா போன் பேச்சு போதாதுங்கிறா. அப்பன் கைப்பட எழுதணுமாம், "என் மகளை என் அக்காவிடம் ஒப்படைக்கச் சம்மதம்"னு. ஒரு வரிதான். அடுத்த கப்பல்ல அனுப்பு.

சாப்பிடு. உடம்பைப் பாத்துக்க.

உன் அக்கா,
லூசியானே

---

மோட்டுலோவா
ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமைக் கப்பலில் வந்தது. கர்த்தர் உங்களைச் சுகமாக வைத்திருப்பதற்கு நன்றி. இங்கே மழை விட்டுவிட்டது. சேனை நன்றாக விளைந்திருக்கிறது.

இந்த வாரம் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். "உங்க தீவுல தினம் விடியற்காலை ஒரு குட்டி நிலநடுக்கம் வருதே, கவனிச்சீங்களா? வேற எந்தத் தீவுலயும் பதிவாகல" என்றார் பொறியாளர். பயந்துபோய்க் காலையில் கருவிக் கொட்டகைக்குப் போனேன். மானாசேயின் பெண்பன்றி கொட்டகைத் தூணில் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது. கருவி அதை உண்மையாகப் பதிந்திருக்கிறது. கருவியில் குறை இல்லை.

பன்றியைக் கட்டிப்போடச் சொன்னேன். மானாசே வலையை மடித்துக்கொண்டே, "எங்கிட்ட ஏன் சொல்ற? அது என் பன்றி இல்ல. நேத்தே உன் பொண்ணு எடுத்துக்கிட்டா" என்றான்.

"எடுத்துக்கிட்டாளா?"

"நான் தாய்மாமன் இல்லயா? வந்தா, விரலை நீட்டினா, 'இது எனக்கு'ன்னா. என் ரப்பர் பூட்ஸையும்தான். முழங்காலுக்கு மேல வருது அவளுக்கு, போட்டுக்கிட்டு விழுந்து விழுந்து போறா. அவ கேட்டா மாமன் குடுக்கணும், முறை முறைதான். உங்கக்கா உங்கிட்ட எடுப்பாங்க. உன் பொண்ணு எங்கிட்ட எடுப்பா. நான் யார்கிட்டப் போய் எடுக்கறது? மீன்கிட்டயா?"

லூப்பேயிடம் போனேன். பன்றியைக் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டாள். "அதுக்கு முதுகு அரிக்குது. உங்க மெஷினை வேற இடத்துல வைங்க." கடைசியில் தூணைச் சுற்றி முள்வேலி போட்டேன். தினசரி நிலநடுக்கம் நின்றுவிட்டது என்று அலுவலகத்துக்குத் தெரிவித்தேன். காரணத்தை எழுதவில்லை.

எனக்கு வேலை சரியாக நடக்கிறது. சாப்பிடுகிறேன். துக்கத்துக்குக் கட்டும் கறுப்பு உடுப்பும் இடுப்புப் பாயும் வெயிலுக்குக் கனமாக இருக்கின்றன, ஆனால் பழகிவிட்டது. ஞாயிறு கோவிலில் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள்.

முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன். வாய்ப்பூலு மகன் கையில் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி,
லிசியாதே

---

ஆக்லாந்து
ஏப்ரல் 18

தம்பி லிசியாதே,

தைலம் வந்துச்சு. தேய்ச்சேன். நல்லா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் சுகமா இருக்கணும்னு தினம் முழங்கால்ல நின்னு கேக்குறேன், அந்த முழங்கால்லதான்.

பன்றிக் கதைய உன் அத்தானுக்குப் படிச்சுக் காட்டினேன். சிரிச்சு சிரிச்சு இருமல் வந்துடுச்சு அவருக்கு. ரெண்டாவது தடவ நானே தனியாப் படிச்சுப் பாத்தேன். ரெண்டு பக்கம் எழுதியிருக்க. பன்றி இருக்கு, பூட்ஸ் இருக்கு, முள்வேலி இருக்கு. நான் கேட்டது எங்கடா?

போன்ல கூப்பிட்டா "சரி அக்கா." கடிதத்துல ஒரு வார்த்தை இல்ல. எந்தத் தம்பி பேசுறது? போன்ல இருக்கறவனா, பேனா பிடிக்கறவனா?

அவ மாமன்கிட்டப் பன்றிய எடுக்கிறா. நல்லது, எடுக்கட்டும், அது அவ உரிமை. அதே உரிமைதானே எனக்கும்? பன்றிக்கு ஒரு முறை, பிள்ளைக்கு ஒரு முறையா?

பெட்டி ஒண்ணு கப்பல்ல போட்டிருக்கேன். டின் மாட்டுக்கறி, பால் பவுடர், உனக்கு ரெண்டு கறுப்புச் சட்டை. லூப்பேக்கு ஒரு குளிர்கோட்டு, மஞ்சள் கலர். அவ அறைக்கும் அதே மஞ்சள்தான் அடிச்சிருக்கோம். உன் அத்தான் ராத்திரி வேலைக்குப் போனதும் நான் போய் அங்க கொஞ்ச நேரம் உக்காந்துக்குவேன். பெயிண்ட் வாசம் போகணுமேன்னு.

எழுது. ஒரு வரி.

அக்கா

---

மோட்டுலோவா
மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் நலமாக இருப்பதாக நம்புகிறேன். அத்தான் இருமலுக்கு எலுமிச்சையும் தேனும் கொடுங்கள். நாங்கள் சுகம்.

பெட்டி வந்தது. ஒன்றும் உடையவில்லை. டின்களில் பாதியைப் போதகர் வீட்டுக்குக் கொடுத்தேன், மீதியில் நேற்று சேப்ப இலை சுற்றித் தேங்காய்ப்பால் விட்டுக் குழியடுப்பில் வைத்தோம். லூப்பே மூன்று பொட்டலம் தின்றாள். சட்டை எனக்கு அளவாக இருக்கிறது.

கோட்டு அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. வெயிலில் கழற்றவே மாட்டேன் என்கிறாள். வியர்வையில் நனைந்து, மஞ்சள் கோட்டும் மாமன் பூட்ஸுமாகக் கடற்கரையில் நடந்தாள். ஊர் கூடி வேடிக்கை பார்த்தது.

"அப்பா, இது எதுக்கு?" என்றாள்.

குளிருக்கு என்றேன்.

"குளிர் எங்க இருக்கு?"

அத்தை ஊரில் என்றேன்.

"போய் வாங்கிட்டு வந்துடலாமா? கொஞ்சம் போதும்" என்றாள். பிறகு, "போனா திரும்பற கப்பல் என்னைக்கு?" என்று கேட்டாள். எனக்குக் கால அட்டவணை தெரியும். மனப்பாடம். அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டேன்.

சங்குக் கம்பத்துக்குப் புதிய சூரியத் தகடு வந்திருக்கிறது. அதைப் பொருத்த இரண்டு நாள் மேலேயே இருந்தேன். மேலிருந்து பார்த்தால் கல்லறைத் தோட்டம் முழுதும் தெரிகிறது. கலோவின் கல்லறை மேட்டில் மானாசே வெள்ளைப் பவளத்தைப் புதிதாகப் பரப்பியிருக்கிறான். அவள் தலைமாட்டில் போர்வை தொங்கவிட்டிருந்த கம்பு சாய்ந்திருந்தது, இறங்கிப் போய் நிமிர்த்திவிட்டேன்.

மழைக்காலம் முடிந்ததால் காற்று இப்போது தெற்கிலிருந்து வீசுகிறது. இரவில் நன்றாகத் தூங்குகிறேன்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
லிசியாதே

---

ஆக்லாந்து
மே 19

லிசியாதே,

சுகமா இருப்பன்னு நெனக்கிறேன். இங்க சுகம்.

சுத்தி வளைக்க மாட்டேன். டிக்கெட் எடுத்துட்டேன். ஜூலை இருபது. பெரிய தீவுல இருந்து யாராவது கூட வருவாங்க. பள்ளிக்கூடத்துல பேர் கொடுத்தாச்சு. சபையில சொல்லியாச்சு, எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. இனிமே நான் என்ன சொல்லிட்டு அந்த வாசல்ல நுழையறது?

இத்தனை வருஷத்துல ஒரு தடவை நீ எனக்கு மறுத்ததில்ல. நான் சொன்னேன், கடல் வேலைக்குப் போகாம சூவாவுக்குப் படிக்கப் போன. நான் சொன்னேன், கலோவைக் கட்டின. ஆமா, அவள முதல்ல பாத்தது நான்தான், மறந்துடாத. கூடப்பொறந்தவ கேட்டா இல்லேன்னு சொல்ற வாய் நம்ம ஊர்ல யாருக்கும் முளைச்சதில்ல.

நேத்தும் போன்ல "சரி அக்கா"ன்னுதான் சொன்ன. அதையே எழுதுன்னுதானே கேக்குறேன்?

லூசியானே

---

ஆக்லாந்து
ஜூன் 8

தம்பி,

ஏன் கடிதம் வரல? கப்பல் ரெண்டு தடவ வந்துட்டுப் போயிடுச்சு. போன் எடுத்தா குரல் எங்கயோ கிணத்துக்குள்ள இருந்து வருது. உடம்பு சரியில்லயா? எம்மேல கோவமா? கோவம்னா கோவம்னு எழுது. ஒரு வரி போடு.

அக்கா

---

மோட்டுலோவா
ஜூன் 15

மரியாதைக்குரிய லூசியானே அக்காவுக்கு, கலோவின் அண்ணன் மானாசே தரையில உக்காந்து எழுதிக்கிறது.

நீங்க, அத்தான், உங்க சபை எல்லாரும் சுகமா இருக்க வேண்டிக்கிறேன். நான் வலைக்காரன். கடிதம் எழுதிப் பழக்கமில்ல. உங்களுக்கு எழுதற தகுதியும் இல்ல. உங்க வீட்டுக்குப் பொண்ணு கொடுத்தவங்க நாங்க, நான் உங்க முன்னால வாய் திறக்கக் கூடாதவன். தெரிஞ்சுதான் எழுதுறேன். தப்புன்னா டின் கறிய நிறுத்திடுங்க, திட்டாதீங்க.

மச்சான் எழுத மாட்டேங்கிறார், அதான். உங்ககிட்டப் போன்ல பேசறார் பாருங்க, "சரி அக்கா, சரி அக்கா"ன்னு. போன வச்சதும் போய்ப் படகுக் கொட்டகைக்குப் பின்னால வாந்தி எடுக்கிறார். ரெண்டு தடவ நான் பாத்தேன். கேட்டா மீன் ஒத்துக்கலங்கிறார். அன்னைக்கு மீனே இல்ல.

பிள்ளைக்குப் பெட்டி கட்டுறார். மறுநாள் அவிழ்க்கிறார். சட்டையெல்லாம் வெளிய வந்துடும். அவ என்கிட்ட வந்து, "மாமா, அப்பா என் துணியோட விளையாடறார்"னு சொல்றா. அவகிட்ட யாரும் எதுவும் சொல்லல.

என் தங்கச்சி போனதுல இருந்து அந்த மனுசன் அழுது நாங்க பாக்கல. அவ பெட்டிய இறக்கின அன்னைக்குக்கூட, கப்பல் கயிறு சரியாக் கட்டியிருக்கான்னு பாத்துட்டு இருந்தார். மிஷினோட வாழ்ந்து மிஷினாயிட்டான்னு ஊர்ல பேச்சு.

பதினொண்ணாம் தேதி மறுபடி ஆடுச்சு. உங்களுக்குச் செய்தி வந்திருக்காது, அவ்வளவு சின்னது. கோழிகூட நகரல. லூப்பே வழக்கம்போலத் தொட்டிமேல ஏறிக் கத்துனா. மச்சான் வீட்டுக்குள்ள இருந்து வெளிய வந்தார். நான் கருவியப் பாக்கப் போறார்னு நெனச்சேன். வாசல்ல நின்னுட்டு அவரும் கத்துனார். ஆட்டம் நின்னுடுச்சு, அவர் நிறுத்தல. குச்சியில்ல கையில, வெறுங்கையால தரைய அடிச்சார். எங்க ஆளுங்க, "மேல இருக்கோம், படு"ன்னுதான் சொல்லுவோம். அவர் அதைச் சொல்லல. "போதும்! எடுத்தது போதும்!"னு கத்துனார். கையில ரத்தம். லூப்பே இறங்கி வந்து பக்கத்துல நின்னு அவளும் "போதும்! போதும்!"னா. என்னன்னு தெரியாமலே.

அப்புறம் உக்காந்து நல்லாச் சாப்பிட்டார். நவம்பருக்கப்புறம் நான் பாத்து அவர் இன்னும் போடுன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அன்னைக்குத்தான்.

நான் உங்ககிட்ட எதுவும் கேக்கல அக்கா. கேக்க எனக்கு உரிமையில்ல. பாத்ததச் சொன்னேன்.

பணிவுடன்,
மானாசே

---

ஆக்லாந்து
ஜூன் 30

தம்பி லிசியாதே,

உன் கை எப்படி இருக்கு? புண்ணுக்கு மருந்து போட்டியா?

உன் மச்சான் கடிதம் வந்துச்சு. தரையில உக்காந்து எழுதுறேங்கிறான், எழுத்தெல்லாம் தலைமேல ஏறுது. அவன் யாரு நமக்கு நடுவுல? கோவத்துல கிழிக்கப் போனேன். உன் அத்தான் புடுங்கி வச்சுக்கிட்டார். அவரு ரெண்டு நாளா எங்கிட்டச் சரியாப் பேசல.

நீ உடம்பும் மனசும் சரியில்லாம இருக்க. அதனாலதான் சொல்றேன், பிள்ளை அங்க இருக்கக் கூடாது. நீ கத்துறதப் பாத்து அவளும் கத்துறா. இது வளர்ப்பா?

நானே வர்றேன். டிக்கெட்ட மாத்தியாச்சு. ஜூலை பதினெட்டு வருவேன், இருபது கூட்டிட்டுப் போவேன். நீ ஒண்ணும் எழுத வேணாம். வக்கீலம்மா முன்னால போன்ல சொன்னாப் போதுமாம், இப்பக் கேட்டுட்டேன். வியாழக்கிழமை பத்தாம் தேதி, காலையில பத்து மணிக்குக் கூப்பிடுவோம். "சரி"ன்னு நீ எப்பவும் சொல்றதத்தான் சொல்லப் போற. ஒரே ஒரு தடவ.

அந்த அறையில பெயிண்ட் வாசம் போயிடுச்சு. இப்ப ஒரு வாசமும் இல்ல.

உன் நல்லதுக்குத்தான்டா.

அக்கா

---

மோட்டுலோவா
ஜூலை 9

அன்புள்ள லூசியானே அக்காவுக்கு,

உங்கள் முழங்காலும் அத்தானின் இருமலும் குணமாகியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். என் கை ஆறிவிட்டது. லூப்பே சுகம். பல் ஒன்று விழுந்திருக்கிறது, மேல்வரிசையில்.

இந்தக் கடிதத்தை இன்று பெரிய தீவுக்குப் போகும் வாய்ப்பூலு மகனிடம் கொடுக்கிறேன். அவன் படம் எடுத்து அத்தான் போனுக்கு அனுப்புவான். பத்து மணிக்கு முன் உங்கள் கைக்கு வந்துவிடும்.

நீங்கள் கேட்டீர்கள், எந்தத் தம்பி பேசுகிறான் என்று. பேனா பிடிக்கிறவன்தான் நான். போனில் பேசுகிறவன் உங்கள் குரலைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொள்கிறவன். சின்ன வயதில் நீங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் நான் மரியாதைக்காகப் பாயைவிட்டு எழுந்து வெளியே போவேன், அந்தப் பையன்தான் அவன். உங்கள் குரல் காதில் விழுந்தால் என் வாயில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. அது நானாகச் சொல்வதில்லை, தானாக வருகிறது. அதனால்தான் கடிதத்தில் உங்களுக்குப் பதில் சொல்லவில்லை. எழுத உட்கார்ந்தால் அந்தச் சொல் வரவில்லை. வேறு சொல் வந்தது. அதை எழுதப் பயந்து பன்றியைப் பற்றி எழுதினேன்.

நவம்பரில் டாக்டர், "இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்ல" என்றார். சரி என்றேன். "பெட்டியை மூடிடலாமா?" என்றார்கள். சரி என்றேன். எந்த இடத்தில் குழி என்று கேட்டார்கள், மூன்று இடம் காட்டினார்கள், மூன்றுக்கும் சரி என்றேன். மானாசேதான் என் தோளைப் பிடித்து ஒரு இடத்தைக் காட்டவைத்தான். அக்கா, அதற்குப் பிறகு நான் எதையும் உணரவில்லை. இரவில் தூங்குகிறேன் என்று உங்களுக்கு எழுதியது பொய். கலோ படுத்த பக்கம் பாயில் பள்ளம் இருக்கிறது. அதில் உருண்டு விழாமல் இருக்க விளிம்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

உங்களுக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. முறை முழுக்க உங்கள் பக்கம். போதகரிடம் கேட்டேன், வாய்ப்பூலுவிடம் கேட்டேன், இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். நேற்று ஆண்கள் காவா குடிக்க உட்கார்ந்தபோது எல்லோர் முன்னாலும் உங்களிடம் சொல்லப்போவதைச் சொன்னேன். கிண்ணம் என்னைத் தாண்டிப் போனது. யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. வாய்ப்பூலு மட்டும், "அக்காவுக்கு இல்லேன்னு சொல்ற முதல் ஆள் நீதான்டா இந்தத் தீவுல. உன் பேரை என்னன்னு சொல்லுவாங்க இனிமே?" என்றார். லூப்பேயின் அப்பன் என்று சொல்லட்டும் என்றேன். எழுந்து வந்துவிட்டேன். சட்டத்தில் ஓட்டை தேடவில்லை, முறையில் சாக்குத் தேடவில்லை. முறை தவறித்தான் சொல்கிறேன்.

மாட்டேன்.

லூப்பேயைத் தரமாட்டேன். இருபதாம் தேதியும் தரமாட்டேன், அடுத்த வருடமும் தரமாட்டேன். இந்தத் தீவு ஆடும். நாளைக்கும் ஆடும், அதை உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும், அதுதான் என் வேலை. லேசாக ஆடினால் கத்துவோம். பலமாக ஆடினால் சங்கை ஊதிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவேன். அவள் எங்கே இருந்தாலும் அவள் பக்கத்தில் நான் இருப்பேன். அவ்வளவுதான் என்னால் தரமுடிந்த உத்தரவாதம்.

நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அத்தைக்குப் பிள்ளை யாருமே இல்லையா அங்க?" என்றாள். உங்கள் அறையைப் பற்றிச் சொன்னேன். அந்த அறையில் நீங்கள் தனியாக உட்கார்ந்திருப்பதையும் சொன்னேன். நீங்கள் சொல்லாததும் எனக்குப் புரிந்தது, அக்கா. புரிந்துதான் மறுக்கிறேன்.

பதினெட்டாம் தேதி வாருங்கள். துறைமுகத்தில் இறங்கியதும் ஊர் பார்க்க உங்கள் காலடியில் உட்காருவேன். வீடு, பாய்கள், அப்பா விட்டுப்போன படகு, எது வேண்டுமானாலும் விரலை நீட்டுங்கள், உங்களுடையது. அத்தானையும் அழைத்து வாருங்கள். இருபதாம் தேதி போகவேண்டாம், எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருங்கள். கோபம் தீராவிட்டால் என்னோடு பேசாமலே இருங்கள். திட்டுவதானால் ஊர் நடுவில் நின்று திட்டுங்கள், தலை குனிந்து கேட்பேன். கேட்டு முடித்த பிறகும் இந்தக் காகிதத்தில் இருப்பது மாறாது. அதற்காகத்தான் எழுதி வைத்திருக்கிறேன், உங்கள் முன்னால் என் வாய் வேறு எதையாவது சொன்னால் யாரும் நம்பவேண்டாம்.

ஆண்டவன் உங்களைச் சுகமாக வைக்கட்டும். என்னை மன்னிக்கக் கேட்கவில்லை.

நாளை பத்து மணிக்கு வக்கீலம்மாவைக் காக்கவைக்க வேண்டாம். அலுவலகத்தின் போனை மானாசேயிடம் கொடுத்திருக்கிறேன், நிலம் கூப்பிட்டால் அவன் எடுப்பான். என்னுடையதை அணைத்துவிட்டேன்.

லூப்பேயின் அப்பன்,
லிசியாதே